ஜெய்த்தூன் பெரியம்மாவின் இரண்டு அங்குலம்

அத்தா, உங்கள் மகளின் ஸலாம்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், மூச்சு வாங்குவதெல்லாம் அப்புறம். நீங்கள் அளந்தது சரி! ஒரு நூல்கூடத் தப்பில்லை. நானாகச் சொல்லவில்லை. தருமபுரி பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் போன வாரம் பாதியைச் சொன்னார். மீதிப் பாதியை ஜெய்த்தூன் பெரியம்மாவே இன்று காலையில் தம் வாயால் சொன்னார். அவர் வீட்டிலிருந்து நேரே வந்து, தலை முக்காட்டைக்கூட எடுக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுகிறார். "ஏன்டி, ஒல கொதிக்குது, அங்க என்ன எழுத்து?" அத்தாவுக்குக் கடிதம் என்றேன். கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார். அப்புறம், "நானும் விசாரிச்சேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இதை ஊரே படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அரூர் பஸ் ஸ்டாண்டு அருகில் முப்பது வருஷம் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த காசிம் டெய்லர், கடைசி மூன்று வருஷம் கத்திரியைத் தொடாமல், மூலையில் உட்கார்ந்து காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதுமாக இருந்தாரே, அது ஏன் என்று தெரியாதவர்கள் இருக்கிறார்கள். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆண்களை நீங்கள் டேப் பிடித்து அளப்பீர்கள். பெண்கள் என்றால் கடைக்கு அளவுத் துணிதான் வரும். நம் ஜமாஅத்துப் பெண்கள் மட்டுமில்லை, கடத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் வீடுகளிலிருந்தும் அப்படித்தான். பழைய ரவிக்கை, பழைய பாவாடை, பழைய புர்கா, எதுவானாலும் ஒரு துண்டில் சுற்றி வரும். அதை மேஜையில் நீவிப் போட்டு, தோள், மார்பு, நீளம் என்று நெடுக்கு நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். "பொம்பளைங்க வந்து நிக்கவே தேவையில்லீங்க, துணி வந்தாப் போதும்" என்று பெருமையாகச் சொல்வீர்கள். அந்தப் பெருமைதான் நம்மைக் கவிழ்த்தது அத்தா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தருமபுரி தனி ஜில்லா ஆகி நாலைந்து வருஷம் இருக்கும். புளி மண்டி வைத்திருந்தவர் வீட்டு ஜெய்த்தூன் பெரியம்மாவுக்கு நோன்புப் பெருநாளுக்குப் புதுப் புர்கா தைத்துக் கொடுத்தீர்கள். நமக்கு உறவில்லை, வயதுக்கு மரியாதையாகத்தான் பெரியம்மா என்று கூப்பிடுவோம். பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் அதை உடுத்திக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பியவர் வாசற்படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துபோனது.

அடுத்த வாரம் அவர் மகன் ரஹ்மத்துல்லா அண்ணன் அந்தப் புர்காவைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பெருநாள் துணி வாங்க வராமல் விட்டவர்கள் எல்லாம் அன்றைக்கென்று பார்த்துக் கடையில் நின்றார்கள்.

"பாருங்க மாமா, எங்கம்மா ஒசரத்துக்கு இது ரெண்டு இஞ்சு தரையில பொரளுது. தடுக்கி வுழுந்து இடுப்பே போச்சு. இத்தன வருஷம் தச்ச கை இப்பிடியா தைக்கும்?"

நீங்கள் நோட்டைப் புரட்டினீர்கள். புர்காவை மேஜையில் போட்டு அளந்தீர்கள். நோட்டில் இருந்ததும் துணியில் இருந்ததும் ஒன்றுதான். வேறு யாராக இருந்தாலும் "பாருப்பா, சரியாத்தானே இருக்கு" என்று சண்டைக்கு நின்றிருப்பார்கள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப எழுதும்போதே தப்பா எழுதிட்டேன் போல தம்பி" என்றீர்கள்.

அன்று சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போய், அவர்களுடைய இரும்புக் கஜக்கோலில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தீர்கள். டேப் நீளவில்லை, சுருங்கவில்லை. "டேப்பு சரியாத்தான் இருக்கு. அப்ப கண்ணுதான்" என்றீர்கள். அளவுக்கு வந்த பழைய புர்காவைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று அம்மா சொன்னார். அதற்கு உங்களுக்கு வந்ததே ஒரு கோபம்! "எலும்பு ஒடைஞ்சு கெடக்கிற வூட்டுல போயி அளவுத்துணியக் குடுங்கன்னு கேக்கறதா? மனுசனா நான்?"

அப்போது நான் ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, உங்களுக்கும் இருந்திருக்கும். "கண்ணு தெரியலேன்னா கத்திரியக் கீழ வச்சிடுங்க அத்தா. இன்னொருத்தர் இடுப்பு ஒடையணுமா?" மறுநாள் காலையில் கத்திரியை உங்கள் மருமகன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மூலைக்குப் போய்விட்டீர்கள். அப்பாடா என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சரி, இப்போது நல்ல பகுதிக்கு வருகிறேன். நீங்கள் போனபின் உங்கள் மருமகன் கடையைப் பார்த்துக்கொள்கிறார், நான் வீடு வீடாகப் போய்ப் பெண்களை அளக்கிறேன். ஆமாம், நேரிலேயே! பெண் பிள்ளை டெய்லர் வருகிறாள் என்றதும் யாருக்கும் கூச்சமில்லை, அளவுத் துணி என்ற பேச்சே இப்போது பாதி குறைந்துவிட்டது. அளந்துவிட்டு வந்து பரணில் இருந்த உங்கள் பழைய நோட்டுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். வயதான பெண்கள் என்றால் நீளம் ஒத்தே வராது. உங்கள் நோட்டில் ஒருவருக்கு ஒன்றரை அங்குலம் கூட, இன்னொருவருக்கு இரண்டு அங்குலம் கூட.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பென்சிலை எடுத்து உங்கள் எழுத்தை அடித்து அடித்துப் பக்கத்தில் என் அளவை எழுதினேன். ஒவ்வொரு அடிக்கும், ஐயோ அத்தா, எத்தனை வருஷமாக உங்களுக்குக் கண் தெரியாமல் இருந்திருக்கிறது என்று வருத்தம் வேறு. அந்தப் பென்சில் இன்று என் கையில் கிடைத்தால் முறித்துப் போட்டுவிடுவேன்.

என்னை முதலில் உலுக்கியவர் முனிசாமி சார், ரிஜிஸ்டர் ஆபீசில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றாரே, அவர்தான். ஒருநாள் பேண்டும் சட்டையும் தைக்க வந்தார். அவரை நீங்கள் எப்போதுமே நேரில் டேப் பிடித்துத்தான் அளந்திருக்கிறீர்கள். அன்று உங்கள் மருமகன் அளந்து சொல்லச் சொல்ல, நான் பழைய நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேண்ட் நீளம் இருபது வருஷமாக அச்சு மாறாமல் அதே. சட்டைக்குக் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் மட்டும் குறைந்திருக்கிறது! கண் தெரியாதவருக்குக் கால் மட்டும் எப்படிச் சரியாகத் தெரிந்தது?

எனக்குக் கை பரபரத்தது. நோட்டுகளை எல்லாம் கீழே பரப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் ஆன புதுப் பெண்கள், முப்பது நாற்பது வயதுக்காரர்கள், எல்லோருக்கும் உங்கள் அளவும் என் அளவும் ஒன்று. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் வித்தியாசம், அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் அதிகம். அதிலும் பாவாடைக்கு வித்தியாசமே இல்லை, தோளில் தொடங்குகிற துணிக்குத்தான். ஆண்களில் முனிசாமி சார் வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் அதே வயதுப் பெண்களுக்குக் குறைந்த அளவுக்கு இல்லை. உங்கள் தப்பு என்றால் அது ஆள் வயதைக் கேட்டுக்கொண்டா வரும்?

துணி நீளவில்லை அத்தா. ஆட்கள்தான் குட்டையாகிக்கொண்டு வந்திருக்கிறார்கள்!

உங்கள் மருமகனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மனுசன் என்ன காடாத் துணியா, தொவச்சாச் சுருங்கறதுக்கு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டுமே என்று பார்த்தால் அடுப்படியில் இருந்தார் ஆள். அம்மாவை இழுத்து வந்து நிறுத்தி அளந்தேன். எனக்குக் கல்யாணமான வருஷம் அம்மாவுக்கு நானே அளந்து தைத்த உடுப்பின் அளவு உங்கள் நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. முன்பக்கம் நீளம் குறைந்திருந்தது. பின்பக்கம், முதுகு கொஞ்சம் வளைந்திருப்பதால், பழையதைவிடக் கூடியிருந்தது. உங்கள் கண்ணைச் சந்தேகப்பட்டேன், சரி. என் கண்ணையுமா?

"முதுகு வலிக்குது முதுகு வலிக்குதுன்னு ரெண்டு வருசமாச் சொல்றேன், எவளாச்சும் கேட்டாளா? இப்ப டேப்ப வச்சிக்கிட்டு ஆடறா" என்றார் அம்மா. எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே பஸ் ஏறி தருமபுரிக்குக் கூட்டிப்போனேன். நோட்டுகள் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த டாக்டரம்மாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சின்ன வயசுதான், பேச்சு பட்டாசு. அம்மாவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "எலும்பு நல்லா வெள்ளையாத் தெரியணும்மா. இங்க பாருங்க, மங்கிக் கெடக்கு. உள்ள இருக்கிற கெட்டி போயிடுச்சு. முதுகெலும்பு ஒவ்வொண்ணும் செங்கல் மாதிரி சதுரமா இருக்கணும், இந்த ரெண்டும் முன்பக்கம் அமுங்கி ஆப்பு மாதிரி ஆயிடுச்சு. அதான் வலி, அதான் கூனு."

"முன்பக்கம் நீளம் கொறைஞ்சிருக்கும், பின்பக்கம் கூடியிருக்கும், காலு அப்படியே இருக்கும், இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் எக்ஸ்ரேயை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க நர்ஸுக்குப் படிச்சீங்களா?" இல்லீங்க, டெய்லர் என்றேன். நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

வெளியே வரிசை நிற்கிறது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். அப்புறம் சொன்னார், நான் அப்படியே எழுதுகிறேன். "முப்பது வயசு வரைக்கும் எலும்பு கெட்டியாகிட்டே வரும். அப்புறம் கொஞ்ச காலம் அப்படியே நிக்கும். பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வர்றது நின்னு போனப்புறம் சில வருஷம் வேகமாக் கொறையும். ஆம்பளைங்களுக்கும் கொறையத்தான் செய்யும், ஆனா மெதுவா, ஆரம்பத்துல அவங்க எலும்பும் கொஞ்சம் தடிமன். எழுபது வயசாச்சுன்னா அவங்களும் தப்பிக்க முடியாது. நாங்க புத்தகத்துல படிச்சதை உங்க நோட்டுல பாக்கறேன். ஒரே ஆளை இத்தன வருஷம் விடாம அளந்து யாருங்க எழுதினது?"

"எங்க அத்தாங்க" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். அம்மா குறுக்கே புகுந்து, "ஒரு பட்டனு கூட மாத்தித் தைக்க மாட்டாருங்க" என்றார். நோட்டில் என் சிவப்பு அடிகளைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று டாக்டரம்மா கேட்டார். என் அறியாமைங்க என்றேன்.

பிறகு ஜெய்த்தூன் பெரியம்மா கதை முழுவதையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "சில பேரு வுழுந்து எலும்பு ஒடையறதில்லம்மா. எலும்பு ஒடைஞ்சுதான் வுழறாங்க. மெலிஞ்சுபோன எலும்பு ஒரு படி எறங்கற பாரத்துக்கே முறிஞ்சுடும். உங்க பெரியம்மாவுக்கு எது மொதல்ல நடந்துச்சுன்னு அவங்களக் கேட்டீங்களா?" என்றார்.

கேட்டோமா அத்தா? நீங்கள் கேட்டிருக்க முடியாது, அந்த வீட்டுப் பெண்களை நீங்கள் பார்த்ததே இல்லை. நான் கேட்டிருக்கலாம். அம்மா கேட்டிருக்கலாம். அவர் மகன், மருமகள், தங்கை, யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். புர்காவைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்களே தவிர, அதற்குள் இருந்தவரை ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இன்று காலையில் நானாகவே போனேன். மருமகள் கதவைத் திறந்துவிட்டு முழித்தாள். பெரியம்மா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தடி ஊன்றி நடக்கிறார், ஒரு கால் குட்டை. "யாரு, காசிம் பாய் பொண்ணா? உக்காரும்மா. இத்தன நாளா எங்க போயிருந்தே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியம்மா, அன்னிக்கு வுழுந்தீங்களே, எப்படி வுழுந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். "இத இப்பத்தான் ஒருத்தி கேக்கறே" என்றார். "புர்கா நீளமாத்தான் இருந்துச்சு. அதான் கையில சுருட்டிப் புடிச்சுக்கிட்டு எறங்குனேன். காலு படியில நல்லாத்தான் ஊனுச்சு. இடுப்புல மளுக்குன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறந்தான் வுழுந்தேன். சத்தம் கேட்டுச்சும்மா, எங்காதுல கேட்டுச்சு."

"யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"வலியில கெடந்தேன். எந்திரிச்சப்ப, புர்காதான் தடுக்குச்சுன்னு எல்லாரும் முடிவே பண்ணியாச்சு. ஆம்பளைங்க கடை வரைக்கும் போயிட்டு வந்துட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

அளவுக்கு அனுப்பிய துணி எது என்று கேட்டேன். மருமகளுக்கு ஞாபகம் இருந்தது. பெரியம்மா தம் மகள் கல்யாணத்துக்குத் தைத்து, ஒரே தடவை உடுத்திப் பெட்டியில் வைத்திருந்த நல்ல புர்காவைத்தான், சாம்பிளுக்காவது நல்லதாக இருக்கட்டும் என்று அனுப்பினார்களாம். பத்து வருஷத்துக்கு முந்திய பெரியம்மாவின் அளவு அது. தினமும் உடுத்திய புர்கா என்ன ஆனது தெரியுமா? தரையில் இழுக்கிறது என்று மருமகளே இரண்டு தடவை ஓரத்தை மடித்துத் தைத்திருக்கிறாள்! "துணி நைஞ்சுபோயித் தொங்குதுன்னு நெனச்சேன் அக்கா" என்றாள். அத்தனை பேர் கண்ணெதிரிலும் அவர் குறைந்துகொண்டே வந்திருக்கிறார், குற்றம் மட்டும் துணி மேல்.

பெட்டியிலிருந்து அந்த நல்ல புர்காவை எடுத்துப் போட்டாள். டேப் என் இடுப்பில்தான் இருந்தது. அளந்தேன். உங்கள் நோட்டில் இருக்கும் அதே நீளம். அப்புறம் பெரியம்மாவைச் சுவரோரம் நிறுத்தித் தோளிலிருந்து தரை வரை அளந்தேன். எவ்வளவு குறைவு என்று சொல்லவே வேண்டாம், நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ரஹ்மத்துல்லா அண்ணன் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஐம்பதுக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே வந்து அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "அவர அத்தன பேரு முன்னால கேட்டனே" என்று மட்டும் சொன்னார். பெரியம்மா அவர் தலையில் கை வைத்தார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு மாமா அடங்கியிருக்கற கபருக்குப் போறேன்மா. போயி எங்கணக்கச் சொல்லிட்டு வர்றேன்" என்றார். அவர் வந்தால் கொஞ்சம் பேச விடுங்கள், தேம்பிப் பேசுவார் போலிருக்கிறது.

அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தினம் ஒரு வேளை கேழ்வரகுக் களி, காலை வெயிலில் கொஞ்சம் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், கனமான குடம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். களி சாப்பிடுகிறார், வெயிலில் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறார். கறுத்துப்போய்விடுவாராம்! இந்த வயதில் யாருக்காக இந்தக் கவலை என்று கேட்டேன். "உங்கத்தா வந்து பாத்தா அடையாளம் தெரிய வேணாமா?" என்றார்.

ரஹ்மத்துல்லா அண்ணன் ஆண்பிள்ளை, கபர்ஸ்தானுக்குள் போய் உங்கள் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு வருவார். நம் ஊரில் பெண்களுக்கு அங்கே போக வழியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உங்களை மூலையில் உட்கார வைத்தது அவர் இல்லை அத்தா, நான். ஊர் சொன்னதைக்கூட நீங்கள் தாங்கியிருப்பீர்கள், மகள் சொன்னதும்தான் உங்கள் கண்ணையே நம்பாமல் போனீர்கள். மூன்று வருஷம் பக்கத்தில் இருந்தும் ஒரு தடவையாவது, "அத்தா, நாம திரும்ப அளந்து பாத்துடலாம்" என்று நான் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள்.

உங்கள் முன்னால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி என் கையில் வரும் எந்த வயதான பெண்ணின் உடுப்பையும், அவளை நேரில் பார்த்து, அளந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று வாய் திறந்து கேட்காமல் வெட்ட மாட்டேன். அவள் பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பேன்.

உங்களைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்ன,
உங்கள் ஒரே மகள்
ஜமீலா